வண்டியின் மூட்டு வலி

எங்கள் வீட்டு மோட்டார் வண்டி திடீரென்று ஒரு நாள் பேச ஆரம்பித்தது. அதிகம் பேசவில்லை, ஒரே ஒரு வார்த்தைதான். தெருக்கோடியில் உள்ள வேகத்தடையின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம், முன்பக்கத்து அடியிலிருந்து "டொக்" என்று சொல்லும். அப்புறம் சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த "டொக்"குக்கு என்ன அர்த்தம் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் பலமான அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. பின்பெட்டியில் ஏதோ உருளுகிறது என்றாள் என் தாயார். பின்பெட்டியைக் காலி செய்தோம். நான்கு மாதமாகக் காணாமற்போயிருந்த ஒரு குடை அகப்பட்டது, சப்தம் நிற்கவில்லை. என் மைத்துனன், "அத்தான், ஷாக் அப்ஸார்பர் போய்விட்டது. நான்கையும் மாற்றிவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னான். மோட்டார் விஷயங்களில் அவனுக்குச் சந்தேகம் என்பதே ஏற்படுவதில்லை; ஏனெனில் அவனிடம் மோட்டார் கிடையாது.

கடைசியில், கண்ணாடிச் சுவரும் குளிர் சாதன வசதியும் உள்ள ஒரு பெரிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன். அங்கே பார்த்தவர்கள், "ஷாக் அப்ஸார்பர் நன்றாக இருக்கிறது. லோயர் ஆர்ம் புஷ்தான் தேய்ந்துவிட்டது" என்று சொல்லி, இரண்டு பக்கத்துப் புஷ்களையும் மாற்றிக் கொடுத்தார்கள். சப்தம் நின்றது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மைத்துனன் மட்டும் கொஞ்சம் ஏமாற்றம் அடைந்தான்.

எட்டாவது மாதம் "டொக்" திரும்பி வந்தது.

இந்தத் தடவை அது தனியாக வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளில் வந்த பையன் ஒருவன் எதிர்பாராமல் குறுக்கே திரும்பினான். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. ஒரு முழ தூரம் இடது புறமாக ஒதுங்கிப் போய் நின்றது. நல்ல வேளையாகப் பையன் வலது புறமாகப் போயிருந்தான். அவன் இடது புறம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு வெகு நேரம் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் மைத்துனன் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அத்தான், நம் தேசத்தில் செய்த சாமான் எட்டு மாதம் உழைத்ததே அதிகம். வெளிநாட்டிலிருந்து புஷ் வரவழைத்துப் போடுங்கள்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. மலையாளத்து மலைச் சரிவில் பால் வடித்து, நம் தொழிலாளிகள் கையால் வார்த்தெடுத்த ரப்பரின் மேல் இப்படி ஒரு பழியா? பழி நியாயமானதாக இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் விசாரணை செய்யாமல் தண்டனை கொடுப்பது தர்மமல்லவே!

ஆகவே விசாரணையில் இறங்கினேன். அதில் தெரிய வந்ததை நேயர்களுக்குச் சொல்வதுதான் இந்த வாரத்துச் சமாசாரம். வீட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் இது உபயோகப்படும்.

புஷ் என்பது என்ன?

வண்டியின் சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டதல்ல. பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் அதற்குச் சுதந்திரம் வேண்டும். அதே சமயத்தில், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தன் இஷ்டப்படி அலையாமல் கட்டுப்பாடும் வேண்டும். இந்தச் சுதந்திரத்தையும் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கொடுப்பது, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் கீழ்ப்புறமாக நீண்டிருக்கும் ஓர் இரும்புக் கை. அதைத்தான் மெக்கானிக்குகள் "லோயர் ஆர்ம்" என்கிறார்கள். நம் உடம்பில் கை தோளோடு சேருகிற இடத்தில் ஒரு மூட்டு இருப்பது போல, இந்தக் கை சட்டத்தோடு சேருகிற இடத்திலும் மூட்டு உண்டு. அந்த மூட்டுக்குள் இருப்பதே புஷ்.

புஷ்ஷின் அமைப்பு மிகவும் எளிது. வெளியே ஓர் இரும்புக் குழாய். உள்ளே அதைவிடச் சிறிய ஓர் இரும்புக் குழாய். இரண்டுக்கும் நடுவில் ரப்பர். இந்த ரப்பர் இரண்டு குழாய்களோடும் பிரியாதபடி ஒட்ட வைக்கப்பட்டிருக்கும். வெளிக் குழாய், கையிலுள்ள துவாரத்தில் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது. உள்குழாயின் வழியாக ஒரு போல்ட்டு சென்று அதைச் சட்டத்தோடு நெருக்கிப் பிடிக்கிறது. ஆகவே உள்குழாய் அசையாது; வெளிக் குழாய் கையோடு சேர்ந்து ஆடும். நடுவில் உள்ள ரப்பர்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கதவின் கீலைப் போல இரும்பும் இரும்பும் உராய்ந்து சுழல்வது இங்கே இல்லை. ரப்பர் முறுகிக் கொடுக்கிறது. சக்கரம் மேலே போனால் ஒரு பக்கம் முறுகும்; கீழே வந்தால் மறு பக்கம் முறுகும்; நடுநிலைக்கு வந்தால் ஓய்வு கொள்ளும். உராய்வே இல்லாததால் இதற்கு எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம்.

இந்த ஸௌகரியம் எப்போதும் இருந்ததல்ல. மாட்டு வண்டி அச்சுக்கு மை போடாவிட்டால் தெருவெல்லாம் கேட்கும்படி அது முறையிடுவதை நாம் அறிவோம். மோட்டார் வண்டிகளும் ஆதியில் அப்படித்தான் இருந்தன. பட்டை ஸ்பிரிங்குகளின் முனைகளிலும் மற்ற மூட்டுகளிலும் இரும்பு ஆணிகள் இருந்தன. ஓயாமல் அவற்றுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டியிருந்தது. 2014-இல் உற்பத்தி நின்று போன அம்பாஸிடர் வண்டியை வைத்திருந்தவர்களுக்கு, முன் சக்கரத்து மூட்டுகளுக்குக் கிரீஸ் அடித்த ஞாபகம் இன்னும் இருக்கும். ரப்பர் புஷ் அந்த வேலையைக் குறைத்தது. அத்துடன் சாலையின் அதிர்ச்சியையும் இரைச்சலையும் தானே விழுங்கிக் கொண்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை நிம்மதியாகத் தூங்கவும் வைத்தது.

வெறும் ரப்பருக்கு இந்தச் சக்தி கிடையாது. மரத்திலிருந்து வடித்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துப் போகும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதியும் நெகிழ்ச்சியும் பெறுவதைக் கண்டார். நம் தேசத்தில் 1902-இல் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் வியாபார முறையில் ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது. 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட ரப்பர் போர்டு கோட்டயத்தில் இருக்கிறது. கேரளத்தில்தான் நம் தேசத்து ரப்பர் மிகுதியாக விளைகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு. முறுகி முறுகி மீளுகிற வேலைக்கு இந்த இயற்கை ரப்பர் மிகவும் ஏற்றது. இப்பேர்ப்பட்ட சரக்கு எட்டே மாதத்தில் ஏன் கிழிய வேண்டும்?

வியாதியின் அறிகுறிகள்

எங்கள் பேட்டையில் ஒரு புங்க மரத்தடியில் நெடுங்காலமாகப் பட்டறை நடத்திவரும் வயோதிக மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைப் "பாய்" என்றே அழைப்பார்கள். அவருடைய பட்டறையில் கண்ணாடிச் சுவர் இல்லை; சுவரே இல்லை என்று சொல்லலாம். தரையில் சிமிண்டுக் குழி ஒன்று உண்டு. அதன் மேல் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் குழிக்குள் இறங்கி நின்று அடிப்பாகத்தைப் பார்ப்பார்.

நான் எல்லா விவரத்தையும் சொன்னேன். அவர் வண்டியைத் தொடவில்லை. "சப்தம் எப்போது வருகிறது, ஸார்? மேட்டில் ஏறும்போது மட்டுமா, பிரேக் பிடிக்கும்போதும் உண்டா?" என்று கேட்டார். பிறகு முன் சக்கரங்களைத் திருப்பி வைத்து, டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவினார். வெளியிலிருந்து பார்க்கப் புதிதாகத் தோன்றிய டயர், உள் ஓரத்தில் மொட்டையாக இருந்தது.

"இதைப் பார்த்தீர்களா? கை ஒழுங்காக நிற்கவில்லை, சக்கரமும் ஒழுங்காக நிற்கவில்லை" என்றார்.

புஷ் தளர்ந்து போனால் உண்டாகும் தொல்லைகளை அவர் சொல்லக் கேட்டபடி எழுதுகிறேன். வேகத்தடையிலும் பள்ளத்திலும் "டொக்" என்ற சப்தம் வரும். பிரேக் பிடிக்கும்போது இரும்புக் கை முன்னோ பின்னோ நழுவுவதால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் சக்கரத்தை அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். டயர் ஒரே ஓரமாகத் தேயும். வீல் அலைன்மெண்ட் எத்தனை முறை செய்தாலும் நிலைக்காது. ஆடுகிற முளையில் கட்டிய மாடு ஒரே இடத்திலா நிற்கும்?

ஆனால் முன்பக்கத்துச் சப்தம் எல்லாம் புஷ்ஷின் சப்தம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கையின் வெளி முனையில் உள்ள பால் ஜாயிண்ட்டு, ஸ்டெபிலைஸர் லிங்க், ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள ரப்பர்த் தாங்கி, இவையும் இதே மாதிரி சப்தம் செய்யக் கூடியவை. வண்டியைப் பத்திரமாகத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட்டிலோ பேரிங்கிலோ உள்ள தளர்ச்சி தெரியும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங் கம்பிகளின் மூட்டில் உள்ள தளர்ச்சி தெரியும். புஷ்ஷைச் சோதிக்க, கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சிறு கடப்பாரையைக் கொடுத்து மெள்ள நெம்ப வேண்டும். நல்ல ரப்பர் சிறிது நெகிழ்ந்து உடனே திரும்பும். கிழிந்த ரப்பர் வாயைத் திறந்து காட்டும். மேல் தோலில் மட்டும் காணும் மெல்லிய வெடிப்புக்கு உடனே பயப்பட வேண்டாம். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

பாய் குழிக்குள் இறங்கி நெம்பினார். இடது பக்கத்துப் புஷ் வாயைத் திறந்தது. குழாயைச் சுற்றி அரை வட்டத்துக்கு மேல் கிழிந்திருந்தது.

"பாய், சாமான் மட்டமானதா?" என்று நான் கொஞ்சம் பயத்துடனேயே கேட்டேன்.

"அவசரப்படாதீர்கள், ஸார். வலது பக்கம் இன்னும் முழுவதும் கிழியவில்லை. அதையே சாட்சிக்குக் கூப்பிடலாம்" என்றார்.

சாட்சி சொன்ன புஷ்

வண்டி நான்கு சக்கரங்களையும் ஊன்றித் தரையில் நின்றுகொண்டிருந்தது. பாய் ஒரு சிறு குச்சியால் வெள்ளைச் சாயம் தொட்டு, வலது புஷ்ஷின் உள்குழாய் ஓரத்தில் ஒரு புள்ளியும், அதற்கு நேராகச் சட்டத்தில் ஒரு புள்ளியும் வைத்தார். என்னையும் குழிக்குள் இறங்கி வந்து பார்க்கச் சொன்னார். பிறகு ஸ்பானரைப் போட்டுப் போல்ட்டைத் தளர்த்தினார்.

"டிக்" என்று ஒரு சிறு சப்தம். கை அசையவில்லை, சட்டமும் அசையவில்லை. உள்குழாய் மட்டும் தானாகவே சுழன்று நின்றது. நேருக்கு நேராக இருந்த இரண்டு புள்ளிகளும் ஒரு விரல் நுனி அகலத்துக்கு விலகிப் போயின.

"பார்த்தீர்களா, ஸார்? எட்டு மாதமாக இந்த ரப்பர் முறுகியபடியே இருந்திருக்கிறது. வண்டி ஓடினாலும் முறுக்கு, நின்றாலும் முறுக்கு. இராத்திரியில் நீங்கள் தூங்கும்போதுகூட இது தூங்கவில்லை" என்றார் பாய்.

காரணத்தை அவர் விளக்கினார். நேயர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வண்டியை ஆகாயத்தில் தூக்கினால் சக்கரங்கள் தொங்கிப் போகும். சக்கரத்தோடு இரும்புக் கையும் கீழ்நோக்கிச் சாய்ந்து தொங்கும். அந்த நிலையில் புதுப் புஷ்ஷைப் போட்டுப் போல்ட்டை முழு பலத்துடன் முறுக்கிவிட்டால், உள்குழாய் அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. அதாவது, தொங்கும் நிலையையே ரப்பர் தன் ஓய்வு நிலையாக எடுத்துக் கொள்கிறது. பிறகு வண்டியைத் தரையில் இறக்குகிறார்கள். பாரம் ஏறியதும் கை மேலே வருகிறது, ரப்பர் முறுகுகிறது. அந்த முறுக்கு இனிமேல் தீராது. அதற்கு மேல் ஒவ்வொரு வேகத்தடையும் அதை இன்னும் அதிகமாக முறுக்கும். தாங்கக் கூடிய அளவு எட்டியதும் கிழியும். கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பியபடியே தூங்கி எழுந்தவனுக்குச் சுளுக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்?

சரியான முறை என்னவென்றால், வண்டி தூக்கி நிற்கும்போது போல்ட்டைச் செருகி, கழன்றுவிடாத அளவுக்கு லேசாக மட்டும் முறுக்கி வைக்க வேண்டும். சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஒன்றிரண்டு தடவை அழுத்தி ஆட்டி, அது தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகுதான் முழு பலத்துடன் முறுக்க வேண்டும். அப்போது ரப்பரின் ஓய்வு நிலையும் வண்டியின் ஓய்வு நிலையும் ஒன்றாக இருக்கும். அல்லது, சக்கரம் தொங்கும்போதே கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே உயரத்துக்குத் தூக்கிக்கொண்டும் முறுக்கலாம்.

பெரிய பட்டறையில் வண்டியை இரண்டு தூண்களுக்கு நடுவில் தூக்கி நிறுத்தியதை நான் பார்த்திருந்தேன். சக்கரங்கள் நான்கும் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நிலையிலேயே வேலை முடிந்து, வண்டி இறங்கியதும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிஷ வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்கு எனக்கு ஒரு ஜோடி புஷ்ஷும் ஒரு ஜோடி டயரும் செலவு. பையனின் நினைவு வந்தபோது, செலவு அதோடு போயிற்றே என்று தோன்றியது.

மாற்றும் முறை

அன்றைய தினமே பாய் வேலையை ஆரம்பித்தார். கூடவே இருந்து பார்த்தேன். இது கையில் ஸ்பானர் பிடித்துப் பழகாதவர்கள் வீட்டு வாசலில் செய்து பார்க்கும் காரியமல்ல. இருந்தாலும், வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது வண்டிக்காரனுடைய கடமை.

முதலில் பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டார். சக்கரத்து நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திக் கொண்டு, ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் போகவே கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் நம்பவும் கூடாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கக் கூடியவை.

பிறகு பால் ஜாயிண்ட்டையும் ஸ்டெபிலைஸர் லிங்க்கையும் கழற்றி, சட்டத்திலுள்ள போல்ட்டுகளை எடுத்து, இரும்புக் கையை வெளியே கொண்டு வந்தார். இங்கே ஓர் எச்சரிக்கை. எங்கள் வண்டியைப் போன்ற சிறிய வண்டிகளில், ஏர்ல் மாக்பெர்ஸன் என்ற இஞ்சினீயரின் பெயரால் வழங்கும் அமைப்பு இருக்கிறது. 1950-இல் இங்கிலாந்தில் வெளிவந்த போர்டு கான்ஸல் வண்டியில் இடம் பெற்றுப் பிறகு உலகெங்கும் பரவிய அமைப்பு அது. அதில் சுருள் ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பரைச் சுற்றித் தனியாகவே அடைபட்டிருப்பதால் கீழ்க் கையைக் கழற்றினாலும் வெடித்து வெளியே வராது. ஆனால் வேறு சில வண்டிகளில் கீழ்க் கையேதான் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தெரியாமல் கழற்றினால் ஆளையே அடித்துவிடும். தன் வண்டி எந்த ஜாதி என்று கைப்புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது முதல் காரியம்.

கழற்றிய கையில் இரண்டு புஷ்கள் இருந்தன. முன்னதாக உள்ளது கெட்டியானது. வளைவுகளில் சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது. பின்னதாக உள்ளது பெரியது, மெத்தென்றிருப்பது. பள்ளத்தில் விழும்போது சக்கரம் சிறிது பின்வாங்க இடம் கொடுப்பது. இந்த இரண்டாவது புஷ்ஷின் ரப்பரில் வேண்டுமென்றே இடைவெளிகள் விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதைப் பழைய புஷ்ஷைக் கழற்றுவதற்கு முன்பே கையில் கீறி அடையாளம் வைத்துக் கொண்டார் பாய். திசை தவறினால் மெத்தென்றிருக்க வேண்டிய இடம் கெட்டியாகவும், கெட்டியாக இருக்க வேண்டிய இடம் மெத்தென்றும் ஆகிவிடும்.

பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அமுக்கி வெளியே தள்ளினார். சில இடங்களில் ரப்பருக்கு நெருப்பு வைத்து எரித்து எடுப்பதுண்டு. அந்தப் புகை மார்புக்குக் கேடு. சூடு இரும்புக்கும் நல்லதல்ல. சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் அப்படித்தான். துவாரம் கோணிப் போகும். துவாரத்தை உப்புத்தாளால் துடைத்துச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவி, புதுப் புஷ்ஷை வைத்தார். எண்ணெயோ கிரீஸோ தொடவில்லை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி இளகிப் போகும். இஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகும் வண்டிகளில் புஷ் சீக்கிரம் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அமுக்கும்போது பிரஸ்ஸின் பாரம் வெளிக் குழாயின் விளிம்பில்தான் விழ வேண்டும். நடுக் குழாயின் மேல் விழுந்தால் போடும்போதே ரப்பர் பிய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, போல்ட்டுகளை லேசாக முறுக்கி, சக்கரத்தைப் போட்டு, வண்டியைக் குழியின் மேல் நிறுத்தினார். நான்கு மூலையிலும் அழுத்தி ஆட்டினார். அதன் பிறகு குழிக்குள் இறங்கி, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சினால், கைப்புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினார். சில வண்டிகளில் பின் புஷ்ஷின் போல்ட்டு செங்குத்தாக இருக்கும். அதற்கு முறை வேறுபடும். அதையும் கைப்புத்தகமே சொல்லும்.

அப்புறம் வீல் அலைன்மெண்ட். கையைக் கழற்றி மாட்டிய பிறகு இதைச் செய்யாவிட்டால் புது டயரும் பழைய டயரின் கதியை அடையும். பத்து நாள் கழித்து ஒரு தடவை போல்ட்டுகளைப் பார்த்துக் கொள்ளும்படியும் பாய் சொன்னார்.

சில யோசனைகள்

ஒரு பக்கத்துப் புஷ் போனால் இரண்டு பக்கமும் மாற்றுவதே நல்லது. ஒரு கால் இளமையாகவும் மறு கால் முதுமையாகவும் இருந்தால் நடை நேராக இராது. பால் ஜாயிண்ட்டும் தேய்ந்திருந்தால், அல்லது கையே வளைந்திருந்தால், புஷ்ஷை மட்டும் மாற்றாமல் முழுக் கையையும் மாற்றிவிடலாம். அப்படியில்லாமல், நல்ல இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு முழுக் கையாக வாங்குவது வீண் செலவு.

பாலியுரீத்தேன் என்ற செயற்கைச் சரக்கில் செய்த புஷ்களும் கிடைக்கின்றன. அவை கெட்டியானவை, பந்தய வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்குப் பிடிக்கும. ஆனால் சாலையின் நடுக்கத்தை உள்ளே அனுப்பும்; கிரீஸ் வற்றினால் கீச்சிடும். குழந்தைகளும் பெரியவர்களும் போகிற குடும்ப வண்டிக்கு ரப்பரே போதும். வாங்கும்போது, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சடித்த போலிச் சாமான்களுக்கு ஏமாறாமல், நம்பகமான கடையில் ரசீதுடன் வாங்க வேண்டும். மின்சார வண்டி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் இஞ்சின் கிடையாது, புஷ் உண்டு.

வேலை முடிந்து சில நாட்கள் கழித்துக் குடும்பத்தோடு கும்பகோணத்துக்குப் பிரயாணமானோம். மைத்துனனும் வந்தான். தெருக்கோடி வேகத்தடை வந்ததும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். வண்டி மெத்தென்று ஏறி, மெத்தென்று இறங்கிற்று.

"பார்த்தீர்களா அத்தான்? வெளிநாட்டுச் சாமான் என்றால் அதன் தரமே தனி" என்றான் மைத்துனன்.

நான் பதில் சொல்லவில்லை. புதிதாகப் போட்ட புஷ்ஷின் அட்டைப் பெட்டியை எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியிலேயே வைத்திருந்தேன். என் மனைவி அதை எடுத்துத் தன் தம்பியின் கையில் கொடுத்தாள். முன்பு கிழிந்து போனதும் அதே சாமான்தான்; அதே பெயர்தான்; பெட்டியின் மேல் இந்தியாவில் செய்தது என்றுதான் அச்சாகியிருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திண்டிவனம் தாண்டும் வரையில் வாயைத் திறக்கவில்லை.

நம் சாமான் மட்டமானது, நம் சாலை மட்டமானது என்று பழி போடுவது சுலபம். சாமானில் குறை இருந்தால் செய்தவரைக் கேட்க வேண்டும். சாலையில் குறை இருந்தால் போட்டவரைக் கேட்க வேண்டும். ஆனால் கடைசி ஐந்து நிமிஷ வேலையை ஒழுங்காகச் செய்தோமா என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகையால், அடுத்த தடவை உங்கள் வண்டிக்குப் புஷ் மாற்றும்போது, பணம் கொடுப்பதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சக்கரம் தரையில் நின்ற பிறகா போல்ட்டை முறுக்கினீர்கள்?"

அவர் "ஆமாம்" என்று உடனே சொன்னால் நல்லது. கொஞ்சம் யோசித்தார் என்றால், இன்னும் ஐந்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.